வராத பல்லும் மறைந்திருக்கும் பல்லும்

என் அக்காள் மகன் தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்தன. சில வாரங்களில் இடப்பக்கம் நிரந்தரப் பல் முளைத்துக் கீழிறங்கிவிட்டது. வலப்பக்கத்தில் எட்டு மாதம் ஆகியும் வெறும் ஈறுதான் இருந்தது. "அவன் அப்பனுக்கும் இப்படித்தான் லேட்டா வந்துச்சு, விடுங்க" என்று பாட்டி சொல்லிவிட்டதால் வீட்டில் அதைப் பற்றி யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பள்ளியில் உள்ள பல் மருந்தகத்துக்கு வழக்கமான பரிசோதனைக்காக அவன் அழைக்கப்பட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அங்கிருந்த பல் சிகிச்சையாளர் அந்த ஈற்றை விரலால் தடவிப் பார்த்தார்; பக்கத்துப் பல் எந்த மாதம் முளைத்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்; எக்ஸ்ரே எடுக்கும்படி கடிதம் எழுதிக் கொடுத்தார். படத்தில், வரவேண்டிய பல் எலும்புக்குள் உயரத்தில் நின்றுகொண்டிருக்க, அது இறங்கவேண்டிய வழியில் சிறு பீப்பாய் போன்ற இன்னொரு பல் குறுக்கே கிடந்தது.

கூடுதல் பல் என்றவுடன் நம்மில் பலர் நினைப்பது 'பல்மேல் பல்' முளைப்பதைத்தான். அது அதிர்ஷ்டம் என்று சொல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆனால் வரிசையிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் தெத்துப்பல் பெரும்பாலும் கூடுதல் பல்லே அன்று. இடம் போதாமல் வெளியே தள்ளப்பட்ட கோரைப்பல்லாகத்தான் இருக்கும், எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். உண்மையான மிகைப்பல்லோ, பெரும்பாலும் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதே இல்லை. மேல்தாடையின் நடுவில் தோன்றும் மிகைப்பற்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் வாயில் தலைகாட்டும். மற்றவை எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே மிகைப்பல்லின் முதல் அடையாளம், பல இடங்களில், வரவேண்டிய வேறொரு பல் வராமல் இருப்பதுதான். இந்த ஒன்றைப் பெற்றோர் தெரிந்துவைத்திருந்தால், எஞ்சிய பலவற்றை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

பெற்றோர் அடிக்கடி அஞ்சும் இன்னொரு காட்சியையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். ஆறு வயதை ஒட்டிக் கீழ்வரிசையில் பால் பற்கள் விழுவதற்கு முன்பே அவற்றின் பின்னால் நிரந்தரப் பற்கள் முளைத்து, இரண்டு வரிசையாகத் தெரிவது மிகச் சாதாரணம். அது மிகைப்பல் அன்று. விழவேண்டியது விழுவதில் தாமதம், அவ்வளவுதான். பால் பல் ஆடி விழுந்தாலோ எடுக்கப்பட்டாலோ, பின்னால் நிற்பதை நாக்கே மெல்ல முன்னுக்குத் தள்ளிவிடும். ஐயம் இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். பால் பற்கள் மொத்தம் 20. வாயை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு வெட்டுப்பல், ஒரு கோரைப்பல், இரண்டு கடைவாய்ப்பல் என ஐந்து. நிரந்தரப் பற்கள், கடைசிக் கடைவாய்ப் பற்களையும் சேர்த்து, 32. இந்தக் கணக்குக்கு மேற்பட்டு உருவாகும் எதுவும் மிகைப்பல்.

நிரந்தரப் பல்வரிசையில் இது மக்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேர் வரை காணப்படுகிறது. கிழக்காசிய மக்களிடையே சற்று அதிகம். பால் பற்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பால் பல்லில் மிகை இருந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலானோருக்கு நிரந்தரப் பல்லிலும் அது திரும்ப வருவதால், மூன்று வயதில் கண்ட ஒரு சிறு கூடுதல் பல்லை மறந்துவிடாமல் மருத்துவரிடம் சொல்வது நல்லது. ஆண் குழந்தைகளிடம் பெண் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. பத்தில் எட்டுப் பேருக்கு ஒரே ஒரு பல்தான் கூடுதலாக இருக்கும்; அதுவும் மிகப் பெரும்பாலும் மேல்தாடையின் முன்பகுதியில், இரண்டு நடு வெட்டுப்பற்களுக்கும் இடையே இருக்கும். மருத்துவர்கள் அதை மீசியோடென்ஸ் என்பார்கள்.

வடிவத்தைப் பொறுத்து மிகைப்பல்லின் நடத்தை மாறுகிறது என்பதால், வகைப்பாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. கூம்பு வடிவப் பல் சீக்கிரமே உருவாகி, பக்கத்து வெட்டுப்பற்களோடு ஒத்தோ அவற்றுக்கு முன்பாகவோ வேர்விட்டு வளரும். அது பெரும்பாலும் பக்கத்துப் பற்களை விலக்கும் அல்லது திருப்பும், ஆனால் அவற்றின் வருகையை அடியோடு தடுப்பது குறைவு. சில வேளைகளில் அது தலைகீழாகத் திரும்பி மூக்கின் அடித்தளத்தை நோக்கி வளர்வதும் உண்டு. பீப்பாய் வடிவப் பல்லோ தாமதமாக உருவாகும். பல முனைகள் கொண்ட தலையும் முழுமை பெறாத வேருமாக அண்ணத்தின் பக்கம் படுத்துக்கொண்டு, பெரும்பாலும் இரட்டையாக அமைந்து, நிரந்தர முன்பல்லின் வழியை மறிக்கும். மூன்றாவது வகை, பக்கத்துப் பல்லின் அச்சு அசலான நகல். மேல்வரிசைப் பக்க வெட்டுப்பல்லில் இது அதிகம். இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் எது அசல், எது மிகை என்று மருத்துவரே தடுமாறும்படி நேரும். அப்படிப்பட்ட நேரத்தில், நல்ல வேரும் நல்ல இடமும் எதற்கு அமைந்திருக்கிறதோ அதை வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

பல் உருவாவதன் தொடக்கம் கருவிலிருக்கும் குழந்தையின் தாடையில் தோன்றும் ஒரு மெல்லிய திசுப் பட்டை. அதிலிருந்தே ஒவ்வொரு பல்லுக்குமான மொட்டும் கிளைக்கிறது. வேலை முடிந்ததும் மறையவேண்டிய அந்தப் பட்டையின் ஒரு துணுக்கு ஓயாமல் இயங்கினால் கூடுதல் மொட்டு ஒன்று உருவாகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஒரே குடும்பத்தில் தந்தைக்கும் மகனுக்கும் இருப்பதைக் காணலாம். ஆனால் தலைமுறை தாண்டியும் ஒழுங்கில்லாமலும் வருவதால் எளிய பரம்பரை விதிக்குள் அதை அடக்க முடிவதில்லை. எங்கள் பாட்டி சொன்ன 'அவன் அப்பனுக்கும் இப்படித்தான்' என்பதில், அவர் நினைத்த பொருளில் இல்லாவிட்டாலும், ஓர் உண்மை இருந்திருக்கக்கூடும்! பல் வளர்ச்சிக்குத் தடைபோடும் யூஎஸ்ஏஜி-1 என்னும் புரதம் இல்லாத எலிகளுக்குக் கூடுதல் பற்கள் முளைப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதையே மாற்றிப் பயன்படுத்தி, பிறவியிலேயே பல் குறைவாக உள்ளவர்களுக்கு அந்தப் புரதத்தை அடக்கிப் பல் வளரச்செய்யும் நோக்கத்தில் உருவான மருந்தின் பாதுகாப்பைப் பார்க்கும் முதல் மனிதச் சோதனை 2024இல் கியோத்தோ பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது. ஒருவருக்குத் தொல்லையாக இருக்கும் அதே இயக்கம் இன்னொருவருக்கு மருந்தாகலாம்.

பல மிகைப்பற்கள் ஒரே வாயில் இருந்தால் மருத்துவர் பல்லோடு நிறுத்தாமல் உடலின் மற்ற இடங்களையும் பார்ப்பார். கிளைடோகிரேனியல் டிஸ்பிளேசியா என்னும் நோயில், ரன்எக்ஸ்2 என்னும் மரபணுவின் பழுதால் காறை எலும்பு குறைபட்டு, தோள்கள் இரண்டையும் மார்புக்கு முன்னால் ஏறக்குறையச் சேர்த்துவிடும் அளவுக்கு நெகிழ்வு ஏற்படும். பால் பற்கள் விழாமல் தங்க, எலும்புக்குள் மிகைப்பற்கள் வரிசைகட்டும். தமக்கு இந்நோய் இருப்பதை வெளிப்படையாகப் பேசிவரும் அமெரிக்க நடிகர் கேட்டன் மட்டராஸோ, 2020இல் ஒரே அறுவைச் சிகிச்சையில் தமக்கு 14 மிகைப்பற்கள் அகற்றப்பட்டதாகச் சொன்னார். கார்ட்னர் நோய்க்குறி இன்னும் கவனத்துக்குரியது. மிகைப்பற்களும் தாடையில் எலும்புக் கட்டிகளும் அதன் வெளிப்பூச்சு. பெருங்குடலில் முளைத்துப் பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சதைவளர்ச்சிகளே அதன் உள்ளிருக்கும் ஆபத்து. ஒரு பல் எக்ஸ்ரே குடல் பரிசோதனைக்கு வழிகாட்டும் அரிய தருணம் அது. உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகளிடமும் பிளவின் ஓரத்தில் மிகைப்பல் காணப்படுவது வழக்கம். 2019இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் தாடையிலிருந்து 526 பற்கள் எடுக்கப்பட்ட செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. அது கூட்டு ஓடோன்டோமா எனப்படும், தீங்கற்ற பல்திசுக் கட்டி. ஒரு பைக்குள் நூற்றுக்கணக்கான நுண்பற்கள் உருவாகியிருந்தன. நாம் பேசிக்கொண்டிருக்கும் ஒற்றை மிகைப்பல்லோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொண்டு அஞ்சத் தேவையில்லை.

எப்போது ஐயப்படவேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்கள் எளியவை, வீட்டிலேயே பார்க்கக்கூடியவை. ஒரு பக்கத்து முன்பல் முளைத்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் மறுபக்கத்துப் பல் வரவில்லை என்றால் பார்க்கவேண்டும். கீழ்வரிசை வெட்டுப்பற்கள் வந்து ஓராண்டு கடந்தும் மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டும் வராவிட்டாலும் பார்க்கவேண்டும். முறைப்படி முதலில் வரவேண்டிய நடுப்பல்லை முந்திக்கொண்டு பக்கத்துப் பல் வந்துவிட்டால், அதுவும் ஓர் அறிகுறி. இவற்றோடு, முன்பல் அச்சில் திரும்பி நிற்பதும் வழக்கத்துக்கு மாறாக அகன்ற இடைவெளியும் சேரும். இடைவெளியைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: எட்டு ஒன்பது வயதில் மேல்முன்பற்கள் விசிறிபோல் விரிந்து நடுவே இடைவெளியோடு நிற்பது இயல்பான கட்டம், பதினொன்று பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அது பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். இடைவெளியைக் கண்டதுமே கம்பி போட ஓடுவதும், எட்டு மாதமாக வராத பல்லைக் கண்டும் காணாமல் இருப்பதும் ஒரே வீட்டில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐயம் வந்தபின் முடிவு சொல்வது எக்ஸ்ரே. முகத்தைச் சுற்றிவந்து இரு தாடைகளையும் ஒரே நீள்படமாகக் காட்டும் ஓபிஜி எண்ணிக்கையைச் சொல்லும். ஆனால் அது கூர்மையாகக் காட்டும் பட்டை முன்பகுதியில் மிகக் குறுகலானது; அதற்கு வெளியே இருக்கும் பல் மங்கிவிடும். மிகைப்பற்கள் அதிகம் ஒளிந்திருப்பதோ அந்த முன்பகுதியில்தான். எனவே வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படங்களும் தேவைப்படுகின்றன. பல் இருக்கிறது என்று தெரிந்தால் போதாது; அது பல்வரிசைக்கு முன்னால் உதட்டுப் பக்கம் இருக்கிறதா, பின்னால் அண்ணத்தின் பக்கம் இருக்கிறதா என்பது தெரிந்தால்தான் எந்தப் பக்கம் ஈற்றைத் திறப்பது என்று தீர்மானிக்க முடியும். தட்டையான படத்தில் ஆழம் தெரியாதே என்ற சிக்கலுக்கு ஒரு பழைய, அழகான உத்தி உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முகத்துக்கு நேரே ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். தலையை வலப்பக்கம் நகர்த்தினால் தூரத்து விரல், கிட்ட இருக்கும் விரலுக்குப் பின்னாலிருந்து விலகி வலப்பக்கமாகவே எட்டிப்பார்க்கும். எக்ஸ்ரே குழாய்தான் இங்கே கண். குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாவது படம் எடுக்கும்போது, குழாய் நகர்ந்த திசையிலேயே மிகைப்பல் நகர்ந்தால் அது தூரத்தில், அதாவது அண்ணத்தின் பக்கம் இருக்கிறது. எதிர்த் திசையில் நகர்ந்தால் உதட்டுப் பக்கம். அக்காள் மகனின் இரண்டு படங்களையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து மருத்துவர் காட்டியபோது, பீப்பாய்ப் பல்லின் நிழல் பக்கத்து வேரைத் தொட்ட இடத்திலிருந்து குழாய் போன திசையிலேயே ஒரு பல்லின் பாதி அகலம் தள்ளிப்போயிருந்ததை எங்களாலேயே பார்க்க முடிந்தது.

இந்த இரண்டு படங்களால் தீராத இடத்தில்தான் முப்பரிமாணப் படமான சிபிசிடி தேவை: பல பற்கள் பின்னிக் கிடந்தால், பக்கத்து வேர் அரிக்கப்படுகிறதோ என்ற ஐயம் இருந்தால், மூக்கையோ நரம்பையோ ஒட்டிப் பல் கிடந்தால். கதிர்வீச்சின் அளவு பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமானது. உலகில் ஒருவர்மீது இயற்கையாகப் படும் கதிர்வீச்சு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். வாய்க்குள் வைக்கும் சிறு படம் அதில் ஒரு நாள் அளவையோ அதற்கும் குறைவையோ தருகிறது. ஓபிஜி சில நாள்களின் அளவு. சிபிசிடி, எடுக்கும் பரப்பையும் கருவியையும் பொறுத்து, சில நாள்கள் முதல் பல வாரங்கள் வரை. சிங்கப்பூரில் இக்கருவிகளுக்கான உரிமங்களைத் தேசிய சுற்றுப்புற வாரியம் கண்காணிக்கிறது. வளரும் குழந்தைக்கு, சிகிச்சை முடிவை மாற்றப்போகாத படம் எதையும் எடுக்காமலிருப்பதே நெறி.

எல்லா மிகைப்பற்களையும் எடுத்தாகவேண்டும் என்பதில்லை. பக்கத்துப் பற்கள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன, கம்பி போடும் திட்டமில்லை, சுற்றிலும் நீர்க்கட்டி இல்லை, பல் ஆழத்தில் அமைதியாகக் கிடக்கிறது என்றால், அதைத் தோண்டி எடுப்பதால் வரும் கேடு விட்டுவைப்பதால் வரும் கேட்டைவிட அதிகமாகலாம். அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். நீர்க்கட்டி உண்டாகிறது, ஆனால் சிறுபான்மையோருக்கே. பக்கத்து வேரை அரிப்பது அதனினும் அரிது. வழியை மறித்தாலும், பற்களை இடம் மாற்றினாலும், கம்பியால் பல் நகரவேண்டிய பாதையிலோ செயற்கைப் பல்லைத் தாங்கும் ஆணி வைக்கும் இடத்திலோ இருந்தாலும் எடுத்துவிடவேண்டும். இதுவரை மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

கருத்து வேறுபாடு எப்போது எடுப்பது என்பதில்தான். கண்டவுடனே, ஆறு வயதுக்கு முன்பே எடுத்துவிட்டால் நிரந்தரப் பல்லுக்கு வழி சீக்கிரம் திறக்கும், இடம் பறிபோகாது. ஆனால் அந்த வயதில் நிரந்தர வெட்டுப்பல்லின் வேர் உருவாகத் தொடங்கும் நிலையில் இருக்கிறது. பக்கத்திலேயே எலும்பைக் குடைவதால் அந்த மென்மையான வேர்முனை பழுதாகலாம் என்பது மறுதரப்பின் அச்சம்; அவர்கள் எட்டு முதல் பத்து வயது வரை, வேர் ஏறத்தாழ முற்றும்வரை, பொறுப்பார்கள். பொறுத்திருப்பதற்கும் விலை உண்டு. பக்கத்துப் பற்கள் காலி இடத்துக்குள் சாய்ந்துவிடும். நடுக்கோடு ஒரு பக்கமாக விலகும். வேர் முற்ற முற்ற, பல் தானாக இறங்கும் உந்துதலும் குறையும். என் பார்வையில், வழியை மறிக்கும் பீப்பாய்ப் பல்லுக்கும் வெறுமனே கிடக்கும் கூம்புப் பல்லுக்கும் ஒரே வயதை விதியாக வைப்பது பொருந்தாது. முன்னதை, ஆறேழு வயதில் தடை என்று உறுதியானதும் எடுப்பதில் நியாயம் அதிகம், பின்னதற்குக் காத்திருக்கலாம். குழந்தை மருத்துவமனைச் சூழலைத் தாங்குமா என்பதும் இந்தக் கணக்கில் சேரும். நாற்காலியில் வாய் திறக்கவே மறுக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு முழு மயக்க மருந்து தவிர வேறு வழியில்லை. அதே குழந்தை ஒன்பது வயதில் மரத்துப்போகும் ஊசியோடு சமாளித்துவிடலாம்.

அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும் வகையைச் சேர்ந்தது. அண்ணத்தின் பக்கம் பல் இருந்தால், முன்பற்களின் பின்புறமாக ஈற்றைக் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை மடிப்பாகத் தூக்கி, மெல்லிய எலும்பை அகற்றி, பல்லை முழுதாகவோ துண்டாக்கியோ எடுத்து, தானாகக் கரையும் நூலால் தைத்துவிடுவார்கள். சில நாள் வீக்கமும் கஞ்சியும் தவிர்க்க முடியாதவை. எடுத்த கையோடு முன்பல் இறங்கிவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. இடம் இருந்தால் பாதி முதல் முக்கால் பங்கு வரையிலான பற்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. ஆனால் அதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். இடம் குறுகிவிட்டிருந்தால் அதை முதலில் மீட்கவேண்டும். பல் மிக உயரத்தில் இருந்தாலோ குழந்தைக்கு வயது கடந்திருந்தாலோ, அதே அறுவையில் அந்தப் பல்லின் முகத்தைத் திறந்து ஒரு சிறு தங்கச் சங்கிலியை ஒட்டிவைத்து, பின்னர் கம்பியோடு இணைத்து மெல்ல இழுப்பதும் உண்டு. மறுமுறை மயக்க மருந்து கொடுப்பதைத் தவிர்க்கலாம் என்பதால் இதைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவைப்பது பயன்படும்.

சிங்கப்பூரில் இந்தப் பாதை ஓரளவு தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் பள்ளிப் பல் மருத்துவச் சேவை இருக்கிறது. அங்கிருந்தோ பலதுறை மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதம் பெற்றால் ஊட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்திலோ, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை வளாகத்தில் 2019இல் திறக்கப்பட்ட வாய்நல நிலையத்திலோ சிறப்பு மருத்துவரை மானியத்தோடு பார்க்கலாம். ஈற்றைத் திறந்து எலும்பை அகற்றிச் செய்யும் அறுவைக்குப் பெற்றோரின் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து வரம்புக்குட்பட்டு எடுக்கலாம். சாதாரணமாகப் பல் பிடுங்குவதற்கும் அழகுக்காகக் கம்பி போடுவதற்கும் முடியாது. தனியார் மருந்தகத்துக்கு நேரே போகிறவர்கள், மருத்துவர் எதை அறுவை என்றும் எதைப் பிடுங்குதல் என்றும் கணக்கிடுகிறார் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் தற்செயலாகவே தெரியவரும். கடைசிக் கடைவாய்ப்பல்லை எடுக்க ஓபிஜி எடுத்தால் அதற்கும் பின்னால் நான்காவதாக ஒரு குட்டிக் கடைவாய்ப்பல் தென்படும். கீழ்த்தாடை முன்கடைவாய்ப் பகுதியில் வரும் மிகைப்பற்கள் தனி ரகம்: அவை பதின்ம வயதில்கூடப் புதிதாக உருவாகக்கூடும் என்பதால், பத்து வயதில் எடுத்த படத்தில் ஒன்றுமே இல்லாதிருந்தும் பதினைந்து வயதில் கம்பி கழற்றும்போது ஒன்று முளைத்து நிற்கலாம். உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு அதே இடத்தில் வெளிவருவதால், தொல்லை தராதவரை அவற்றைச் சீண்டாமல் விடுவதே பெரும்பாலான மருத்துவர்களின் வழக்கம்.

அக்காள் மகனுக்குப் பீப்பாய்ப் பல்லை எடுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. எடுத்த பல்லை ஒரு சிறு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். பால் பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிந்த ஊரிலிருந்து வந்த பாட்டி, பன்னிரண்டாம் மாடி வீட்டில் இதை எங்கே எறிவது என்று கேட்டார். அது இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. சென்ற மாதம் ஈறு வெளுத்துப் புடைத்து, புதிதாக முளைக்கும் முன்பற்களுக்கே உரிய மூன்று சிறு முகடுகளோடு பல்லின் விளிம்பு தெரிந்தது. சற்றே திரும்பியபடிதான் இறங்குகிறது. கோரைப்பற்கள் வந்தபிறகு, பன்னிரண்டு வயதை ஒட்டி, கம்பி தேவையா என்று பார்க்கலாம் என்று சொல்லி, ஆறு மாதம் கழித்து வரும்படி தேதி கொடுத்திருக்கிறார்கள்.